இந்தப் பக்கம் மேலே

மிகுந்த மரியாதைக்கும் அதைவிட மிகுந்த பயத்துக்கும் உரிய மச்சான் அவர்களுக்கு, தங்கள் தங்கையைக் கைப்பிடிக்கும் பாக்கியம் பெற்றவன் எழுதிக்கொள்வது. (இந்த முதல் வரியைத் தங்கள் தங்கை தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு, திருப்தியாக அடுப்படிக்குப் போய்விட்டாள். இனி உண்மையை எழுதலாம்.)

இங்கு நான் நலம். முழங்கால் மட்டும் வானிலை அறிக்கைக்கு முன்னாலேயே மழையைச் சொல்லிவிடுகிறது. அவளும் நலம். ஆஸ்பத்திரி மருந்தகத்தில் இன்னும் இரண்டு வருடம் சர்வீஸ் பாக்கி இருக்கிறது. வீட்டிலும் அதே மருந்தகக் கண்ணோடுதான் நடமாடுகிறாள். உப்பு டப்பாவில்கூட என்றைக்கு நிரப்பியது என்று சீட்டு ஒட்டியிருக்கிறது. என் மேல் இன்னும் ஒட்டவில்லை, ஒட்டினால் எந்தத் தேதி போடுவாள் என்று நானும் கேட்கவில்லை. அங்கே தாங்களும் எனக்குத் தங்கச்சி முறையான தங்கள் மனைவியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்களுடைய ரத்த அழுத்தத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, முதுகு சாய்கிற நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்து, கையெட்டும் தூரத்தில் ஸ்பேனர் முதலான கனமான சாமான் எதுவும் இல்லாமல் செய்துகொண்டு மேலே படிக்கவும். போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போனில் நீங்கள் நடுவில் பேசுவீர்கள். நடுவில் பேசினால் எனக்கு வந்த தைரியம் வந்த வழியே போய்விடும்.

வியாழக்கிழமை உங்கள் கடிதம் வந்தது. ஆசிரியர் பயிற்சியில் முதல் வருடம் படிக்கும் தங்கள் கடைக்குட்டி மகளைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து நூற்றிருபது கேள்வி கேட்டார்களாம். அது அரை நிமிடம் யோசித்துவிட்டு, 'மனிதர்களைவிடப் புள்ளிவிவரங்களோடு பழக ஏற்றவர், வகுப்பறைப் பணி பொருந்தாது' என்று சொல்லிவிட்டதாம். வேறு படிப்புக்கு மாறிக்கொள்ள ஒரு படிவத்தைக் கையில் கொடுத்து, இருபத்தைந்தாம் தேதிக்குள் அப்பாவின் கையெழுத்தோடு கொண்டுவரச் சொன்னார்களாம். பிள்ளை மூன்று நாளாக யாரிடமும் பேசவில்லை, ஆனால் கூடத்தில் உட்கார்ந்து பாடத்துக்குப் பட அட்டை வெட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதோடு விட்டிருந்தால் நானும் 'எல்லாம் நல்லதுக்கே' என்று நாலு வரி எழுதித் தபாலில் போட்டிருப்பேன். கடைசிப் பத்தியில் ஒன்று எழுதினீர்களே, அதுதான் என்னை நாலு நாளாக உட்காரவிடாமல் அலைக்கழிக்கிறது. 'நமக்கும் அந்தக் காலத்தில் இப்படித்தானே ஒரு சோதனை வைத்தார்கள். எனக்கு வாத்தியார் வேலை ஒத்துவராது என்று சொன்னார்கள். நானும் கேட்டேன். கெட்டா போய்விட்டேன்? விஞ்ஞானம் பொய் சொல்லாது. அடுத்த வாரம் சனிக்கிழமை கையெழுத்துப் போட்டுவிடப் போகிறேன்.'

மச்சான், போட்டுவிடாதீர்கள். நீங்கள் சொல்லும் அந்த விஞ்ஞானம் நான்தான். அன்றைக்கு அதை நான் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

விவரமாகச் சொல்கிறேன். நம் மனசு சாரை மறந்திருக்க மாட்டீர்கள். ஆசிரியர் பயிற்சியில் நமக்கு உளவியல் பாடம் எடுத்தவர், எந்த வாக்கியத்தை ஆரம்பித்தாலும் 'மனசு இருக்கே மனசு' என்று முடிப்பவர், தன் குடையை எங்கே வைத்தோம் என்று தினம் தேடுபவர். அவர் ஒரு சனிக்கிழமை மத்தியானம் விடுதிக்கு வந்து, நாற்பத்தொரு விடைத்தாளையும் ஒரு துளை போட்ட அட்டையையும் என் கையில் கொடுத்தார். வகுப்புத் தலைவன் என்பதாலோ என் கையெழுத்து மணிமணியாக இருந்ததாலோ தெரியவில்லை, நாற்பத்தொரு பேருடைய தலையெழுத்து அன்றைக்கு என் மடியில் வந்து விழுந்தது. தாளில் அறுபது கேள்வி. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'ஆம்' ஒரு கட்டம், 'இல்லை' ஒரு கட்டம். கூட்டத்தில் ஓரமாக நிற்பீர்களா? அடுத்தவர் அழுதால் உங்களுக்கும் அழுகை வருமா? ஓடாத கடிகாரத்தைக் கண்டால் திறந்து பார்ப்பீர்களா? இந்தக் கடைசிக் கேள்விக்கு நீங்கள் 'ஆம்' போட்டதோடு நிற்காமல் ஓரத்தில் பென்சிலால் 'பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்த வார்டன் கடிகாரமும் இப்போது ஓடவில்லை' என்று எழுதியிருந்தீர்கள். அட்டையைத் தாள் மேல் வைக்க வேண்டும், துளை வழியாகத் தெரியும் குறிகளை எண்ண வேண்டும், எண்ணிக்கையைச் சிவப்பு மையில் எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை. சாப்பாட்டு அறையின் நீள பெஞ்சில் உட்கார்ந்து எண்ணினேன். வெளியே ஐந்து மணிக்கு வாலிபால் ஆட்டம். நீங்களே ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "எண்ணினது போதும் வாடா, ஆள் குறையுது" என்று கூப்பிட்டீர்கள். ஒரு தாளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

திங்கட்கிழமை அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஏறியது. நாற்பத்தைந்துக்கு மேல் வாங்கியவர் வழிநடத்துபவர். முப்பதுக்கு மேல் அரவணைப்பவர், சின்ன வகுப்புகளுக்கு உகந்தவர். பதினைந்துக்கு மேல் அமைதியாளர், நூலகம் போன்ற சத்தமில்லாத இடங்கள் நலம். அதற்கும் கீழே இருப்பவர் தனித்தியங்குபவர், வகுப்பறை பொருந்தாது, இயந்திரங்களோடு பணி சிறக்கும். அந்தப் பட்டியல் செய்த கூத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குத் தனியாகச் சிரிப்பு வருகிறது. விடுதியின் இந்தக் கோடியில் தும்மினால் அந்தக் கோடியில் ஆள் எழுந்து உட்காருமே, நம் ஒலிபெருக்கி, அவன் அமைதியாளர் என்று வந்தது. அவனும் பாவம், விஞ்ஞானத்துக்கு மரியாதை கொடுத்து எட்டு நாள் வாயைத் திறக்கவில்லை. சாப்பிடும்போது உப்பு வேண்டுமென்றால் துண்டுச் சீட்டில் எழுதி நீட்டினான். ஒன்பதாம் நாள் குளியலறையில் சோப்பில் வழுக்கி விழுந்தபோது எட்டு நாள் பாக்கியையும் சேர்த்து ஒரே கத்தாகக் கத்தினான். பேர் கூப்பிட்டால் 'உள்ளேன்' என்று சொல்லக் கூச்சப்பட்டுக் கையை மட்டும் பாதி தூக்குவானே, நிழல் என்று கூப்பிடுவோமே, அவன் வழிநடத்துபவர் என்று வந்தது. மறுநாள் விடிந்ததும் விடுதி மணியை அடித்து எல்லோரையும் பல் துலக்க வரிசையில் நிறுத்தியவன், கல்வி அதிகாரியாகி ஓய்வு பெறும்வரை அந்த வரிசையை விடவே இல்லை. எனக்கு நாற்பத்து மூன்று. அரவணைப்பவர். சின்னப் பிள்ளைகளைக் கண்டாலே எனக்கு உள்ளங்கை வியர்க்கும் என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். உங்களுக்குப் பதினொன்று. பட்டியலில் கடைசிப் பெயர்.

நீங்கள் அதைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தீர்கள். எதிர்க்கடையில் எல்லோருக்கும் டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தீர்கள். நாங்களும் கூச்சமில்லாமல் தின்றோம். மறுவாரமே பையைக் கட்டுவீர்கள் என்று யாருக்குத் தெரியும்?

அதற்குப் பத்து நாள் முன்னால்தானே உங்கள் பயிற்சி வகுப்பு நடந்தது! ஐந்தாம் வகுப்பு, பின்னங்கள். பாடக் குறிப்பேட்டில் பத்துப் படி எழுதி, சார் கையெழுத்தும் வாங்கி வைத்திருந்தீர்கள். உள்ளே போனதும் அதை மேசையில் கவிழ்த்துப் போட்டுவிட்டு, ஒரு முழுத் தாளை எடுத்துப் பாதியாகக் கிழித்தீர்கள். "இது எவ்வளவு?" என்றீர்கள். பிறகு பாதியைப் பாதியாக. அதையும் பாதியாக. நாங்களும் கிழிக்கிறோம் சார் என்று பிள்ளைகள் நோட்டைக் கிழிக்க ஆரம்பித்தார்கள். தாள் தீர்ந்துபோய், கடைசி பெஞ்சில் குறிப்பெழுதிக்கொண்டிருந்த மனசு சாரிடம் ஒரு வாண்டு போய், "சார், உங்க நோட்டு கொஞ்சம் குடுங்க, எட்டுல ஒண்ணு வேணும்" என்று கையை நீட்டியது. மணி அடித்தது. ஒரு பிள்ளையும் எழுந்திருக்கவில்லை. பக்கத்து வகுப்பெல்லாம் மைதானத்தில் கத்திக்கொண்டிருக்க, உங்கள் வகுப்பு மட்டும் பதினாறில் மூன்று என்றால் எத்தனை துண்டு என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தது. சார் எழுதிய குறிப்பை நாம் இருவரும் மாற்றி மாற்றிப் படித்து உருண்டோமே: 'ஒழுங்கு: இல்லை. கரும்பலகைப் பயன்பாடு: இல்லை. தரைத் தூய்மை: சொல்லும் தரமன்று. மணி அடித்தும் மாணவர் எவரும் எழவில்லை. காரணம் தெரியவில்லை.'

அந்தக் காலம் இருக்கிறதே, மச்சான்! ஓட்டை விழுந்த தகரக் கூரை, மழை வந்தால் கட்டிலை இழுத்துக்கொண்டு அறை முழுக்க ஊர்வலம், பகிர்ந்து போட்டுக்கொண்ட ஒரே இஸ்திரிச் சட்டை. பயிற்சி வகுப்புக்கு நீங்கள் போகும் நாளில் நான் பனியனோடு உட்கார்ந்திருப்பேன், நான் போகும் நாளில் நீங்கள். அந்தச் சட்டைப் பையில் எப்போதும் சாக்பீஸ் தூள் இருக்கும். இவ்வளவு சந்தோஷமாக நான் வேறெங்கும் இருந்ததில்லை. இதை அடுப்படிக்குக் கேட்காமல் எழுதுகிறேன்.

சரி, பஸ் நிறுத்தத்துக்கு வருகிறேன். வராமல் தீராது. நான் உங்கள் பையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். பஸ் திருப்பத்தில் தெரிந்தபோது என் பக்கம் திரும்பி, "நீதானே எண்ணினே? சரியாத்தானே பார்த்தே?" என்று கேட்டீர்கள். நான், "ரெண்டு தடவை பார்த்தேன்டா" என்றேன். நீங்கள் தலையாட்டிவிட்டு ஏறிவிட்டீர்கள்.

பார்த்தது ஒரு தடவைதான். வாலிபால் ஆட ஆள் குறைகிறது என்று அவசரமாகப் பார்த்த ஒரே தடவை. அதை உன்னிடம் நாற்பது வருடமாகச் சொல்லவில்லை. கவனித்தாயா, 'நீ'க்கு வந்துவிட்டேன். உன் தங்கையைக் கட்டிய நாளிலிருந்து பெரியவர்கள் சொன்னார்கள் என்று 'டா'வைத் தொலைத்துவிட்டு, வாசலில் பார்த்தால் "வாங்க மச்சான்", "சொல்லுங்க மாப்ள" என்று முப்பத்தைந்து வருடமாக நாடகம் போடுகிறோம். குற்றத்தை ஒப்புக்கொள்ளும்போது 'தாங்கள்' வாயில் நிற்க மாட்டேன் என்கிறது. மன்னித்துக்கொள்.

இப்போது போன வாரத்துக்கு வா. வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம் என்று உன் தங்கை என் டிரங்குப் பெட்டியை வெளியே தள்ளி, "இதுல இருக்கறது உங்களுக்கு வேணுமா, இல்ல கரையானுக்கு வேணுமான்னு இன்னிக்கே முடிவு பண்ணிடுங்க" என்றாள். அடியில் விரித்திருந்த தாள்களை எடுத்தால், அடடா, அந்த நாற்பத்தொரு விடைத்தாள்! சார் திருப்பிக் கேட்கவே இல்லை, நானும் பெட்டிக்கு அடித்தாளாகப் போட்டு மறந்துவிட்டேன். கூடவே அந்தத் துளை அட்டை. ஒரு மூலை வெட்டியிருக்குமே, அதே அட்டை. அதன் ஒரு பக்கத்தில் நீல மையில் கொட்டை எழுத்தில் 'இந்தப் பக்கம் மேலே' என்று ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. அன்றைக்கு அந்தச் சீட்டைப் பார்த்த ஞாபகமே எனக்கு இல்லை. சும்மா விளையாட்டாக, சீட்டு மேலே வருகிற மாதிரி வைத்து என் தாளை எண்ணினேன். பதினேழு வந்தது. சிவப்பு மையில் என் கையாலேயே நாற்பத்து மூன்று என்று எழுதியிருக்கிறது. அட்டையைப் புரட்டிப் போட்டேன். நாற்பத்து மூன்று. மறுபடி சீட்டுப் பக்கம். பதினேழு. பெட்டிப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அதாவது, அன்றைக்கு நான் அட்டையைக் குப்புறப் போட்டு எண்ணியிருக்கிறேன்! 'ஆம்' எல்லாம் 'இல்லை'யாகவும் 'இல்லை' எல்லாம் 'ஆம்' ஆகவும் மாறி, நாற்பத்தொரு பேரையும் குட்டிக்கரணம் போட வைத்திருக்கிறேன்!

எல்லாத் தாளையும் சீட்டுப் பக்கம் மேலே வைத்து எண்ணினேன். ஒலிபெருக்கி அரவணைப்பவன். நிழல் தனித்தியங்குபவன், அவனிடம் வரிசையில் நின்று பல் துலக்கியவர்களுக்கு யார் பதில் சொல்வது? நான் அமைதியாளன், பழைய தாள்களோடும் தூசியோடும் வாழ வேண்டியவன். முப்பத்தேழு வருடம் ஒன்றாம் வகுப்பில் நின்றேனே, மச்சான், அது எல்லாம் தவறுதலாக நடந்ததா? முதல் நாள் ஒரு குழந்தை என் ஆட்காட்டி விரலைப் பிடித்தது, விடவே இல்லை. பயத்தில் எனக்கும் இழுக்கத் தெரியவில்லை. அன்று முழுக்க இடது கையால் கரும்பலகையில் எழுதினேன். சாயங்காலம் அதன் அம்மா வந்து விரலைப் பிரித்துக்கொண்டு போனபோது என் கை வெறுமையாக இருந்தது. அதிலிருந்துதான் எனக்கு அந்த வேலை பிடித்தது. இன்றைக்கும் விருந்தாளிகள் வந்தால் கையைக் கட்டி வரிசையாக உட்காரச் சொல்லிவிடுகிறேன், டாக்டரிடம் போனால் சுண்டு விரலைக் காட்டி அனுமதி கேட்டுவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன். இதெல்லாம் ஓர் அட்டை புரண்டதால் வந்த வாழ்க்கை என்றால் மனிதனுக்கு எப்படி இருக்கும்?

என் கதை கிடக்கட்டும். உன் தாளைக் கடைசியில்தான் எடுத்தேன். சீட்டுப் பக்கம் மேலே வைத்து எண்ணினேன். நாற்பத்தொன்பது. வழிநடத்துபவர். ஆசிரியப் பணிக்கு மிக மிக உகந்தவர். நாற்பத்தொரு பேரில் நீதான் முதல்.

எனக்கு ஆச்சரியமே இல்லை, டா. லிஃப்ட் மெக்கானிக்காக உன்னை நான் பார்க்கவில்லையா? ஒரு தடவை உன்னோடு வந்தபோது ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவில் ஒரு வக்கீல் மாட்டிக்கொண்டு உள்ளேயிருந்து கதவை உதைத்துக்கொண்டிருந்தார். வேறொருவனாக இருந்தால் சாவியைப் போட்டுத் திறந்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பான். நீ கதவுப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டாய்.

"சார், பயப்படாதீங்க. உங்களை எத்தனை கம்பிக் கயிறு புடிச்சிருக்கு, சொல்லுங்க பாப்போம்."

"யோவ், கதவைத் திறய்யா!"

"திறக்கறேன் சார். சும்மா ஒரு நம்பர் சொல்லுங்க."

"ஒண்ணு!"

"நாலு சார். ஒண்ணு அறுந்தா?"

உள்ளே உதைப்பது நின்றது. பிறகு மெதுவாக, "மூணு இருக்கும்" என்று குரல் வந்தது.

"அப்ப விழுமா?"

"விழாது… இல்ல?"

"நீங்க சொல்லுங்க சார்."

வெளியே வந்த வக்கீல் உன்னைத் திட்டுவார் என்று நான் ஒதுங்கி நின்றேன். அவரோ படியில் காத்திருந்த ஜூனியரிடம், லிஃப்ட் கயிற்றின் மறுமுனையில் தொங்கும் எதிர் எடை என்றால் என்ன என்று கையை மேலும் கீழும் ஆட்டி விளக்கிக்கொண்டே போனார். அன்றைக்கே எனக்குச் சுருக்கென்றது. வாயைத் திறக்கவில்லை. திறந்தால் பஸ் நிறுத்தத்துக்குப் போக வேண்டியிருக்குமே.

ஆகவே, மச்சான், என்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறி வந்தாலும் சரி, வாசலில் நிற்கிறேன். ஆனால் 'எனக்குச் சொன்னது சரியாக இருந்தது, அதனால் பெண்ணுக்குச் சொன்னதும் சரியாகத்தான் இருக்கும்' என்று அந்தப் படிவத்தில் மட்டும் கையெழுத்துப் போடாதே. உனக்குச் சொன்னது தப்பு. சொன்னவன் நான். உன் வாழ்க்கையை ஒரு வாலிபால் ஆட்டத்துக்காகப் புரட்டிப் போட்ட பாவி சொல்கிறேன், கடைக்குட்டி அட்டை வெட்டட்டும், விடு.

தங்கச்சிக்கு என் அன்பு. பெரியவனுக்கும் அவன் வீட்டாருக்கும் எங்கள் விசாரிப்பு. கடைக்குட்டிக்கு இந்த மாமாவின் ஆசியும், தனியே சுற்றி அனுப்பியிருக்கும் நல்ல கத்தரிக்கோல் ஒன்றும். நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல், எந்த மாடியிலும் சிக்காமல், பல்லாண்டு இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அட்டையைப் புரட்டிய மாப்பிள்ளை

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குப் பசை கேட்டேன். உன் தங்கை, "ஒட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை சரிபார்க்கணும்" என்று மருந்துச் சீட்டு வாங்குகிற மாதிரி கையை நீட்டி வாங்கி, எல்லாப் பக்கத்தையும் நின்றபடியே படித்துவிட்டாள். முதல் பத்தியைப் பற்றியும், நான் வேறெங்கும் சந்தோஷமாக இருந்ததில்லை என்று எழுதியதைப் பற்றியும் பிறகு பேசுவாளாம். முதலில் அந்த அட்டையைக் கொண்டுவரச் சொன்னாள். கொண்டுவந்தேன். சீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"என்னங்க, இது என் கையெழுத்து."

"உன் கையெழுத்து எப்படி இதுல வரும்?"

"வீடு மாத்தினோமே, அப்போ கண்ணாடி ஜாடி கவுந்துடக் கூடாதுன்னு அது மேல சுத்தின பேப்பர்ல நான் ஒட்டின சீட்டு இது. உங்க டிரங்குக்குள்ளதானே ஜாடியை வெச்சு எடுத்துட்டு வந்தோம். பசை ஈரம் காயாம இதுல ஒட்டிக்கிட்டிருக்கு." பிறகு அட்டையின் வெட்டிய மூலையில் விரலை வைத்தாள். "எங்க மருந்தகத்துல எதுக்காவது மூலை வெட்டியிருந்தா அது அழகுக்கு இல்ல. தாள்ல பாருங்க, மேல வலது மூலையில சின்னதா ஒரு முக்கோணம் அச்சடிச்சிருக்கு. ரெண்டும் சேர்ற மாதிரி வைங்க."

வைத்தேன். சீட்டுப் பக்கம் கீழே போனது. என் தாள் நாற்பத்து மூன்று. உன் தாள் பதினொன்று. நாற்பது வருடத்துக்கு முன்னால் நான் அட்டையைச் சரியாகத்தான் வைத்திருந்திருக்கிறேன், மச்சான். ஒலிபெருக்கி அமைதியாளன்தானாம், நிழல் வழிநடத்துபவன்தானாம், நான் அரவணைப்பவன்தானாம். மேலே எழுதிய அத்தனை பக்கத்திலும் கத்தரிக்கோல் அனுப்பியது தவிர மற்றதெல்லாம் ரத்து. நான் பாவியும் இல்லை, நீ நாற்பத்தொன்பதும் இல்லை.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சந்தோஷமாகக் கடிதத்தைக் கிழிக்கப் போனேன். "அப்போ உங்கண்ணன் சொன்னதுதான் சரி. கையெழுத்துப் போடட்டும்" என்றேன்.

அவள் கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டாள். "அண்ணன் பையைத் தூக்கிட்டு வீட்டுக்கு வந்து நின்ன அன்னிக்கு நான் கணக்குல ரெண்டாவது தடவையும் ஃபெயில். இனிமே படிச்சது போதும்னு அப்பா சொல்லிட்டாரு. லிஃப்ட் கம்பெனியில இருந்து கடுதாசி வர்ற வரைக்கும் நாலு மாசம், வேலையில்லாத மனுஷன், தினமும் என்னை உக்கார வெச்சுப் பழைய பேப்பரைக் கிழிச்சாரு. பாதி, கால், அரைக்கால்னு. நான் அழுதா, அழுதுட்டு வா, மீதியைக் கிழிப்போம்னு காத்துக்கிட்டிருப்பாரு. வீட்டுல முழுசா ஒரு பேப்பர் கிடையாது. நான் பாஸ் பண்ணினேன். இன்னிக்கும் குழந்தைங்களுக்குக் கால் மாத்திரை, அரை மாத்திரை கணக்குப் போடும்போது அவர் குரல்தான் காதுல கேக்குது. அட்டையை நீங்க நேராத்தான் வெச்சீங்க, நான் இல்லேங்கல. அப்போ எனக்குச் சொல்லிக் குடுத்தது யாருன்னு அந்த அட்டையைக் கேட்டுச் சொல்லுங்க."

நான் அட்டையைப் பார்த்தேன். அறுபது துளை இருந்தது, பதில் இல்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடிதத்தை இந்தப் பின்குறிப்போடு அப்படியே அனுப்பச் சொல்லிவிட்டாள்.

ஆகவே, டா, பஸ் நிறுத்தத்தில் உன்னிடம் சொன்ன பொய் இன்றைக்கு உண்மையாகிவிட்டது. உன் தாளை இரண்டாம் தடவையும் பார்த்துவிட்டேன், பதினொன்றுதான். ஆனால் அன்று பதினொன்று என்று எழுதிய எனக்கு, மணி அடித்தும் எழுந்திருக்காத அந்த வகுப்பு ஞாபகத்துக்கு வரவே இல்லையே, அதற்குத்தான் மன்னிப்புக் கேட்கிறேன். வருகிற வெள்ளிக்கிழமை கடைக்குட்டிக்குப் பயிற்சி வகுப்பு இருக்கிறதாம். உன்னிடம் பேசாதவள் அத்தைக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கிறாள். படிவத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்க் கடைசி பெஞ்சில் உட்கார். ஒழுங்கு, கரும்பலகை, தரை எதையும் பார்க்காதே. மணி அடித்த பிறகு எத்தனை பிள்ளைகள் எழுந்திருக்கிறார்கள் என்று மட்டும் எண்ணு. ரெண்டு தடவை எண்ணு.